எட்டு நாள் என்று ஊர் சொல்லும்

முதல் இரண்டு மணி நேரம் என் கணவர் கடத்தப்பட்ட அந்த விமானத்தில் இல்லை என்றே நம்பிக்கொண்டிருந்தேன். பயணிகள் பட்டியலில் அப்படி ஒரு பெயர் இல்லை என்று தொலைபேசியில் சொன்னார்கள். நான் கேட்டது அவர் பெயரை. பட்டியலில் இருந்தது என் மாமனார் பெயர். இனிஷியல் வைத்துக்கொள்வது நம் வழக்கம். டிக்கெட் போட்டவர்கள் அந்த இனிஷியலை விரித்துக் குடும்பப் பெயராக முன்னால் எழுதி, அவருடைய சொந்தப் பெயரை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டார்கள். மாமனார் காலமாகிப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. அந்தப் பெயரைத் தேடச் சொல்ல எனக்கு எப்படித் தோன்றும்?

1999 டிசம்பர் 24, வெள்ளிக்கிழமை. தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் இருந்தோம். நான் ஒரு தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. அவர் அலுவலக வேலையாக நான்கு நாள் காத்மாண்டு போயிருந்தார். இரவுச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார் என்று வற்றல் குழம்பு வைத்திருந்தேன். மகளுக்கு அப்போது ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. ஆறரை மணி இருக்கும், பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக்காரர் பையன் கதவைத் தட்டாமலே உள்ளே வந்து, "ஆன்ட்டி, அங்கிள் எந்த ஃபிளைட்?" என்று இந்தியில் கேட்டான். ஐசி 814 என்றேன். அவன் முகம் போன போக்கை இன்றும் மறக்கவில்லை.

காத்மாண்டுவிலிருந்து தில்லிக்கு வந்துகொண்டிருந்த அந்த ஏர்பஸ் ஏ300 விமானத்தை ஐந்து பேர் கடத்தியிருந்தார்கள். உள்ளே 170-க்கும் மேற்பட்ட பயணிகள். அவர் அதில் இல்லை என்று நான் எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டரை மணிக்கு அவருடைய அலுவலகத் தோழர் ஒருவர் டிக்கெட் நகலைத் தேடியெடுத்துப் பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். அப்போதுதான் தெரிந்தது.

அதனால் இந்தப் பகிர்வில் முதலில் சொல்வது இதைத்தான். வீட்டில் யார் பயணம் போனாலும் டிக்கெட்டில் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது என்பதை, எழுத்துக்கூட்டல் மாறாமல், வீட்டில் ஒருவராவது எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் எண், விமான எண், முன்பதிவு எண், எல்லாம் ஒரே தாளில். இப்போது செல்பேசியில் படம் எடுத்தாலே போதும். தமிழர் பெயருக்கு இது கட்டாயம். அப்பா பெயர் முன்னால் வருகிறதா பின்னால் வருகிறதா என்பது சாதாரண நாளில் ஒரு பொருட்டே இல்லை. அந்த மாதிரி ராத்திரியில் அதற்காக இரண்டு மணி நேரம் போய்விடும்.

அன்று இரவு விமானம் அமிர்தசரஸில் இறங்கியபோது எங்கள் தெருவே மூச்சு விட்டது. நம் மண்ணில் இறங்கிவிட்டது, இனிமேல் எங்கேயும் போக முடியாது என்று பக்கத்து வீட்டம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். முக்கால் மணி நேரத்துக்கும் சற்றுக் கூடுதலாக அங்கே நின்றது. அப்புறம் எரிபொருள்கூட நிரப்பாமல் கிளம்பிவிட்டது. லாகூரில் இறங்க விடாமல் முதலில் ஓடுபாதை விளக்குகளையே அணைத்துவிட்டார்களாம். அங்கே எரிபொருள் நிரப்பிக்கொண்டு, துபாய் பக்கம் ஒரு விமானப்படைத் தளத்துக்குப் போனது. மறுநாள் காலையில் காந்தஹார். தாலிபான்கள் ஆண்டுகொண்டிருந்த ஆப்கானிஸ்தானில் அப்படி ஓர் ஊர் இருப்பதையே அன்றுதான் வரைபடத்தில் பார்த்தேன். மகளின் பள்ளி அட்லஸ். அந்தப் பக்கத்தை அவள் பிறகு பசை போட்டு ஒட்டிவிட்டாள்.

எங்கள் வீட்டில் ஒரே ஒரு தொலைபேசி. திருச்சியிலிருந்து, மும்பையிலிருந்து, யார் யாரோ கூப்பிட்டார்கள். எல்லோரும் பாசத்தால் கூப்பிட்டவர்கள்தான், ஒருவர் மேலும் எனக்கு வருத்தமில்லை. ஆனால் ஒவ்வொருவரிடமும் முதலிலிருந்து சொல்லிச் சொல்லி, இரவு பத்து மணிக்கு என் குரல் கட்டிப்போயிற்று. அந்த நேரத்தில்தான் ஒரு தகவல் சொல்ல முயன்றவர்களுக்கு லைன் கிடைக்கவில்லை. அதன்பின் என் கொழுந்தனார் ஓர் ஏற்பாடு செய்தார். சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் திருச்சியில் அவரிடம் மட்டும் கேட்க வேண்டும். அவர் காலையும் மாலையும் பக்கத்து வீட்டு எண்ணில் எங்களைக் கூப்பிடுவார். எங்கள் எண் தகவலுக்காகச் சும்மா கிடக்கும். வீட்டில் யாருக்காவது பெரிய விபத்து, ஆபத்து என்றால் முதல் மணி நேரத்திலேயே இதைச் செய்துவிடுங்கள். பேச ஒருவர், கேட்க ஒருவர். பாதிக்கப்பட்ட வீட்டுப் பெண்ணோ அம்மாவோ அந்த ஒருவராக இருக்கக் கூடாது.

மகளின் கணக்கு நோட்டில் பாதி காலியாக இருந்தது. அதில் எழுத ஆரம்பித்தேன். எத்தனை மணி, யார் சொன்னது, என்ன சொன்னார், அவர் நேராக அறிந்ததா, இன்னொருவர் சொல்லிக் கேட்டதா. இந்தக் கடைசிக் கேள்விக்கென்றே ஒரு கட்டம் போட்டேன். இரண்டாம் நாள் முடிவில் பார்த்தால் முக்கால்வாசிக் குறிப்பு 'கேட்டது' கட்டத்தில் இருந்தது. கமாண்டோக்கள் கிளம்பிவிட்டார்கள், பெண்களை எல்லாம் விடுகிறார்கள், விமானத்தில் தீ, இப்படி. என்னைப் பைத்தியமாகாமல் காப்பாற்றியது அந்த நோட்டுதான் என்று சொன்னால் மிகையில்லை. கைக்கும் ஒரு வேலை கிடைத்தது.

25-ஆம் தேதி, துபாயில் 27 பேரை விடுவித்துவிட்டார்கள், தில்லிக்கு வருகிறார்கள் என்று செய்தி வந்தது. பட்டியலை நானே போய் நின்று கேட்டேன், இந்த முறை மாமனார் பெயரைச் சொல்லி. இல்லை. அதே விமானத்தில் ஓர் உடலும் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். ஆண், இளைஞர் என்பது மட்டும்தான் அப்போது தெரிந்தது. 'இளைஞர்' என்ற சொல் காதில் விழுந்ததும் என் நெஞ்சு தளர்ந்தது. என் கணவருக்கு நாற்பத்தொன்று, தலையில் பாதி நரை. அவரில்லை. அந்த நொடியில் நான் பெருமூச்சு விட்டேன். யாரோ ஒரு தாயின் பிள்ளை கத்தியால் குத்தப்பட்டுக் கிடக்கிறது, எனக்கு வந்தது நிம்மதி. அவர் ரூபின் கட்யால். வயது 25. அப்போதுதான் திருமணமாகித் தேனிலவு முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி கடத்தப்பட்ட விமானத்திலேயே, கணவர் போய்விட்டது தெரியாமலே காந்தஹாரில் மீதி நாட்களைக் கழித்தார். தில்லி வந்த பிறகே அவரிடம் சொன்னார்கள். அந்தப் பெண்ணை நான் பார்த்ததில்லை. ஆனால் இருபத்தைந்து வருடமாக ஒவ்வொரு டிசம்பரிலும் அந்தப் பெருமூச்சு எனக்கு நினைவுக்கு வருகிறது, குறுகிப்போகிறேன்.

இப்படித் தோன்றுவது இயல்பு என்று பிறகு ஒரு மருத்துவர் எனக்குச் சொன்னார். பட்டியலுக்காகக் காத்து நிற்கும் ஒவ்வொருவருக்கும் அது தோன்றுமாம். சொன்னால் மனம் சமாதானமாகுமா என்றால் ஆகாது. ஆனாலும் நீங்கள் என்றாவது அப்படி ஒரு வரிசையில் நின்றவர் என்றால், உங்களுக்கு மட்டும் கல் நெஞ்சு என்று நினைத்துவிடாதீர்கள்.

மூன்றாம் நாள் மைக்கோடு ஒருவர் வாசலுக்கு வந்தார். வயதில் சிறியவர், மரியாதையாகத்தான் கேட்டார். நான் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எங்கே வேலை, என்ன பதவி, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறார், மாத்திரை பெட்டியில் போய்விட்டது, கையில் இல்லை, அவர் ரொம்பப் பயந்த சுபாவம். மைக்கோடு வந்தவர் போன பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவர், ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "மகளே, உள்ளே இருக்கிறவங்களைப் பத்தி இங்கே நாம சொல்ற ஒவ்வொண்ணும் கடத்தினவங்க காதுக்கும் போகும்னு நினைச்சுக்கோ." யார் அரசாங்கத்துக்கு வேண்டியவர், யார் பணக்காரர், யார் பலவீனமானவர் என்பதெல்லாம் அவர்களுக்கு ஆயுதம். அதற்குப் பிறகு நான் யாரிடமும் பேசவில்லை. பேசத்தான் வேண்டும் என்றால், அவர் நல்லபடி வர வேண்டும், பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், அவ்வளவோடு நிறுத்திக்கொள்ளலாம்.

டிவியை முழுக்க அணைக்க என்னால் முடியவில்லை. காலை எட்டு, மதியம் ஒன்று, இரவு ஒன்பது என்று நேரம் வைத்துக்கொண்டோம். மற்ற நேரம் அதன் மேல் துணி போட்டு மூடிவிட்டார் என் மாமியார். அவர் அந்த எட்டு நாளும் என் எதிரில் ஒரு தடவைகூட அழவில்லை. மார்கழி என்பதால் விடியற்காலையில் மலை மந்திர் கோயிலில் திருப்பாவை கேட்கும். அதைக் கேட்டுக்கொண்டே ஸ்வெட்டரோடு வாசலில் கோலம் போடுவார். "நீ சாப்பிடு. வந்தா அவனுக்குப் பண்ணிப் போட ஆள் வேணும்" என்பார். அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லித்தான் எனக்கு மூன்று வேளையும் சோறு போட்டார். கவலையோடு இருப்பவர்களிடம் 'தைரியமா இரு' என்று சொல்வதைவிட இது எவ்வளவோ மேல். வந்தபின் செய்ய வேண்டிய வேலையை நினைவூட்டினால் வயிறு கொஞ்சம் திறக்கிறது.

27-ஆம் தேதி வாக்கில், விமானத்தில் மின்சாரம் தடைப்படுகிறது, கழிவறை நிரம்பி வழிகிறது என்று செய்திகள் வந்தன. உறவினர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர் மெல்லிய குரலில், "கராச்சியிலும் விளக்கு மங்கினதும்தான் சுட்டாங்க" என்றார். எல்லோருக்கும் அது தெரிந்த கதை. 1986 செப்டம்பர் 5, மும்பையிலிருந்து கிளம்பிய பான் ஆம் 73 விமானத்தைக் கராச்சியில் நான்கு பேர் பிடித்தார்கள். விமான நிலையப் பாதுகாப்புக் காவலர் மாதிரி உடை போட்டு, வண்டியில் வந்து ஏறினார்கள். சுமார் 17 மணி நேரம் கழித்து, விமானத்துக்கு மின்சாரம் தரும் துணை இயந்திரம் நின்று விளக்குகள் மங்கியதும், கூட்டத்தைப் பார்த்துச் சுட்டு, கையெறி குண்டுகளையும் வீசினார்கள். இருபது பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கு மேல் காயம். பயணிகளைத் தப்பிக்கவிட நின்ற பணிப்பெண் நீர்ஜா பனோட் குண்டு பட்டு இறந்தார். இரண்டு நாளில் அவருக்கு 23 வயது நிரம்பியிருக்கும். அசோக சக்ரா தந்தார்கள். அன்று இரவு முழுக்க நான் எங்கள் வீட்டு விளக்கை அணைக்கவே இல்லை. அர்த்தமில்லாத காரியம், தெரியும். இங்கே எரிந்தால் அங்கேயும் எரியும் என்று ஒரு பிடிவாதம்.

அந்த நாட்களில் நானும் தெருவுக்குப் போனேன். இதை மறைக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். கடத்தியவர்கள் சிறையிலிருந்த 36 பேரையும் 200 மில்லியன் டாலரையும், புதைத்த ஓர் உடலையும்கூடக் கேட்டார்கள். பணத்தையும் உடலையும் பிறகு விட்டுவிட்டார்கள். பயணிகளின் உறவினர்கள் ரேஸ் கோர்ஸ் சாலையில் பிரதமர் வீட்டுக்கு வெளியே கூடிக் கத்தினோம். யாரைக் கேட்கிறார்களோ அவர்களை விட்டுவிடுங்கள், எங்கள் ஆட்களைக் கொண்டுவாருங்கள். பள்ளியில் பிள்ளைகளை 'மெதுவாப் பேசு' என்று அதட்டுகிற நான், தொண்டை கிழியக் கத்தினேன். அந்த வருடம்தான் கார்கில் போர் முடிந்திருந்தது. அதில் பிள்ளையை, கணவனைப் பறிகொடுத்தவர்கள் சிலர் வந்து, நாட்டை நினைத்துப் பாருங்கள் என்று பேசினார்கள். கூட்டத்தில் சிலர் அவர்கள் மேல் சீறி விழுந்தார்கள். நான் சீறவில்லை. ஆனால் கேட்கவும் இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

31-ஆம் தேதி. மசூத் அசார், ஒமர் சயீத் ஷேக், முஷ்டாக் அகமது சர்கர் என்ற மூன்று பேரை விடுவித்தார்கள். வெளியுறவு அமைச்சர் ஜஸ்வந்த் சிங் அவர்களைக் கூட்டிக்கொண்டு காந்தஹார் போனார். இரவு எங்கள் ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். ஊரெல்லாம் 2000-ஆம் ஆண்டைக் கொண்டாடப் பட்டாசு வாங்கி வைத்திருந்தது.

அவர் வெளியே வந்தபோது எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கண்ணாடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. முதல் நாளே கண்ணைக் கட்டச் சொன்னபோது கழற்றிச் சட்டைப் பையில் வைத்தாராம். தலையைக் குனி என்று அழுத்தியதில் காதில் மாட்டுகிற கம்பி உடைந்துவிட்டது. இருக்கைத் துணியிலிருந்து ஒரு நூலை உருவி அதைக் கட்டியிருந்தார். நீல நிற நூல், ஏழெட்டுச் சுற்று, ஒவ்வொரு சுற்றும் ஒழுங்காக ஒன்றை ஒன்று தொட்டு. பார்வை தெரியாத கண்ணோடு, குனிந்த தலையோடு, மடியில் வைத்து, பார்க்காமலே சுற்றியது. அந்தக் கண்ணாடி இன்னும் எங்கள் பீரோவில் இருக்கிறது. எதையும் விவரமாகச் சொல்லாத மனிதர் எட்டு நாளை எப்படித் தள்ளினார் என்று எனக்குச் சொன்னது அந்த முடிச்சுதான்.

வீட்டில் முப்பது பேர் மாலையோடு காத்திருந்தார்கள். அது பெரிய தவறு, அதைத் தடுக்காமல் விட்டது நான். வெளிச்சம், கூட்டம், எல்லோரும் ஒரே நேரத்தில் தொடுகிறார்கள். அவர் கதவுப் பக்கமாகவே நகர்ந்து நகர்ந்து நின்றார். மாமியார்தான் புரிந்துகொண்டு, "குளிக்கட்டும், எல்லாரும் நாளைக்கு வாங்கோ" என்று சொல்லி அனுப்பினார். வெந்நீர் போட்டுக் குளியல், ரசம் சாதம், படுக்கை. அதற்கு மேல் அந்த இரவுக்கு வேறெதுவும் தேவையில்லை. எட்டு நாள் அரை வயிறும் கால் வயிறுமாக இருந்த குடலுக்கு விருந்தும் ஆகாது.

பன்னிரண்டு மணிக்கு வெளியே பட்டாசு வெடித்தது. அவர் கட்டிலிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து, முழங்காலுக்கு நடுவில் தலையை நுழைத்துக்கொண்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் நானும் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தேன்.

'என்ன நடந்தது, சொல்லுங்க' என்று கேட்க வேண்டாம். வருகிறவர்கள் எல்லோரும் அதைத்தான் கேட்டார்கள். 'உங்களுக்கு ஆயுசு கெட்டி', 'பகவான் காப்பாத்தினார்', 'அடிச்சாங்களா?' என்றார்கள். ஆயுசு கெட்டி என்ற சொல்லைக் கேட்டால் அவர் முகம் இறுகும். முன்பகுதியில் ஒருவர் குத்துப்பட்டுக் கிடந்தபோது பின்னால் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தவர் அவர். அவன் ஆயுசு மட்டும் ஏன் கெட்டியில்லை என்று ஒரு முறை என்னிடம் கேட்டார். நான் என்ன பதில் சொல்ல? திரும்பி வந்தவரைப் பார்க்கப் போகிறீர்களா, ஏதாவது காரியம் செய்யுங்கள். பால் வாங்கிக் கொடுங்கள், பிள்ளையைப் பள்ளியில் கொண்டுபோய் விடுங்கள். பேச வேண்டும் என்று தோன்றினால் 'பக்கத்துலதான் இருக்கேன்' என்பது போதும்.

அவராகச் சொன்னவை துண்டுத் துண்டாக, பல வருடங்களில் வந்தன. ஜன்னல் மறைப்புகளை இறக்கிவிட்டதால் பகலா இரவா என்று தெரியாது. பெண்களையும் குழந்தைகளையும் ஆண்களிடமிருந்து பிரித்து உட்கார வைத்தார்கள். நடுக்கும் குளிர், அப்புறம் மூச்சு முட்டும் புழுக்கம். கடத்தியவர்கள் ஒருவரை ஒருவர் சீஃப், டாக்டர், பர்கர், போலா, சங்கர் என்று கூப்பிட்டுக்கொண்டார்கள். சில நேரம் பயணிகளோடு அந்தாக்‌ஷரி பாட வைத்தார்கள், சிரித்துப் பேசினார்கள். அடுத்த நேரமே கொல்லப்போவதாக மிரட்டினார்கள். கொடுமையிலேயே கொடுமை அதுதான் என்பார் அவர். எப்போதும் அடிக்கிறவனிடம் மனம் ஒரு வழிக்கு வந்துவிடும், ஒரு நேரம் சிரிக்கிறவனிடம் எதை நம்புவது? பிணைக்கைதியாக இருந்த சிலர் அவர்களில் ஒருவனை நல்லவன் என்று வெளியே வந்து சொன்னார்கள். அதைப் படித்துவிட்டுப் பலர் திட்டினார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். துப்பாக்கி வைத்திருப்பவன் ஒரு வாய் தண்ணீர் கொடுத்தால் அவனைத் தெய்வமாக நினைக்கிற நிலைக்கு ஓர் ஆளைக் கொண்டுபோவதுதான் அவர்கள் செய்த குற்றம்.

அவர் எப்படி நடந்துகொண்டார் என்று ஒரு முறை என் மகன் கேட்டபோது சொன்னார்: "கண்ணைப் பார்க்கலை. வாதம் பண்ணலை. சொன்னதை மெதுவா செஞ்சேன். குடுத்ததைச் சாப்பிட்டேன். இருந்த இடத்துலேயே கால் விரலை மடக்கி மடக்கி நீட்டினேன். நாள் கணக்கு மட்டும் விடலை." ஷேவ் செய்யாத தாடியைத் தடவித்தான் நாளை எண்ணினாராம். முதல் சில நிமிடங்களில் கடத்துகிறவர்களே பதற்றத்தில் இருப்பார்கள், அப்போது துணிச்சல் காட்டப் போகக் கூடாது என்று பின்னாளில் அவர் தம்பி பிள்ளைகளுக்கும் சொல்வார். மாத்திரை விஷயத்தில் மட்டும் அவர் தன்னையே கோபித்துக்கொள்வார். சரக்கில் போட்ட பெட்டியில் இருந்தது மாத்திரை. எட்டு நாளும் தலை கனத்தது, பின்மண்டை வலித்தது. இப்போது எங்கள் குடும்பத்தில் யார் எங்கே கிளம்பினாலும் பத்து நாள் மருந்து, மருந்துச் சீட்டு, மாற்றுக் கண்ணாடி, ஒரு கம்பளிச் சால்வை, இவை கைப்பையில்தான். ஒரு மணி நேரப் பயணம் என்றாலும்.

வெளியே தெரியாத சேதம் அதற்குப் பிறகுதான் ஆரம்பித்தது. வீட்டில் ஒரு திரையும் மூடியிருக்கக் கூடாது, ஜனவரிக் குளிரிலும். கழிவறையை ஒரு நாளைக்கு மூன்று முறை கழுவுவார். சாப்பிடும்போது தலை நிமிரவே நிமிராது. பின்னால் இருந்து யாராவது தோளைத் தொட்டால் கை ஓங்கிவிடுவார், அப்புறம் அழுவார். அலுவலகத்தில் முதல் மாதம் வீரர் மாதிரி நடத்தினார்கள். ஏழாவது மாதம், மறுபடி காத்மாண்டு போக முடியுமா என்று கேட்டார்கள். முடியாது என்றதும் பதவி உயர்வுப் பேச்சு நின்றது. ஊருக்கு ரயிலில்தான் போனோம், இரண்டு இரவு.

மனநல மருத்துவரிடம் போக எட்டு மாதம் எடுத்துக்கொண்டோம். பைத்தியம் என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற பயம்தான். போன அன்று அந்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி, "ஏன் இவ்வளவு நாள்?" பயங்கரம் ஒன்றைப் பார்த்தவர்களுக்குச் சில வாரம் தூக்கம் கெடுவதும் திடுக்கிடுவதும் பெரும்பாலும் தானாகச் சரியாகும். ஒரு மாதம் தாண்டியும் கெட்ட கனவு, அதே காட்சி திரும்பத் திரும்ப வருவது, அதை நினைவூட்டும் எதையும் ஒதுக்குவது, எரிந்து விழுவது எல்லாம் நீடித்தால் அது மருத்துவம் பார்க்க வேண்டிய நிலை. அதற்குப் பெயர் உண்டு, சிகிச்சை உண்டு, குணமும் உண்டு. மருந்து கொஞ்ச காலம், பேச்சுச் சிகிச்சை ஒன்றரை வருடம். அதன் பிறகு அவர் திரையை மூடித் தூங்கினார். இப்போது அரசாங்கத்தின் டெலி-மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது. எந்த நேரமும் இலவசமாகக் கூப்பிடலாம், தமிழிலும் பேசலாம். அன்று எங்களுக்கு அது இருந்திருந்தால் அந்த எட்டு மாதத்தில் பாதியாவது குறைந்திருக்கும்.

நான் கோட்டைவிட்டது மகளை. எல்லோர் கண்ணும் அவர் மேல் இருந்தது. ஒன்பது வயதுப் பெண் இரவில் படுக்கையை நனைக்க ஆரம்பித்தாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். அப்பா இப்படி இருக்கும்போது நீ வேறயா என்று கேட்டேன். அவள் அதன்பின் தானே எழுந்து விரிப்பைத் துவைத்துப் போடப் பழகிக்கொண்டாள், சத்தம் இல்லாமல். பல மாதம் கழித்து அவள் தலையணைக்குக் கீழே டிவி ரிமோட்டைப் பார்த்தேன். அதை ஒளித்து வைத்தால் கெட்ட செய்தி வராது என்று நினைத்திருக்கிறாள். பிள்ளைகளை நேராக உட்கார வைத்து, நடந்ததை அவர்கள் வயதுக்குத் தகுந்த சொல்லில் சொல்லிவிடுங்கள். 'அப்பா டூர்ல இருக்கார், வந்துடுவார்' என்று நாங்கள் மழுப்பியதில் அவள் மனதில் காந்தஹாரைவிடப் பெரிய காடு வளர்ந்துவிட்டது. அவளுக்கு இப்போது முப்பத்தைந்து வயது. விமானம் தரையைத் தொட்டதும் அவளிடமிருந்து எனக்கு அழைப்பு வரும். பெட்டி எடுத்ததும் ஒன்று, வீடு போனதும் ஒன்று. இந்த மூன்றில் ஒன்று தாமதமானால் எனக்குக் கை நடுங்கும். அது அவளுக்குத் தெரியும்.

விடுவிக்கப்பட்ட மூன்று பேர் என்ன ஆனார்கள் என்பதை நாங்கள் மறக்க முடியாது. மசூத் அசார் 2000-இல் ஜெய்ஷ்-இ-முகமது என்ற பயங்கரவாத அமைப்பைத் தொடங்கினார். ஒமர் சயீத் ஷேக், 2002-இல் அமெரிக்கப் பத்திரிகையாளர் டேனியல் பேர்ல் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் பிடிபட்டார். ஒவ்வொரு செய்தியையும் என் கணவர் எழுந்து நின்று படிப்பார், உட்கார மாட்டார். 2019 பிப்ரவரி 14, புல்வாமா. சிஆர்பிஎஃப் வீரர்கள் 40 பேர் குண்டுவெடிப்பில் இறந்தார்கள். ஜெய்ஷ் பொறுப்பேற்றது. அதற்குள் நாங்கள் ஸ்ரீரங்கத்துக்கு வந்துவிட்டோம். மறுநாள் பெயர்கள் வந்தன. இரண்டு பேர் நம் ஊர்க்காரர்கள். ஒருவர் தூத்துக்குடி மாவட்டம், ஒருவர் அரியலூர் மாவட்டம். அரியலூர் எங்களுக்குப் பக்கத்து மாவட்டம்.

அவர் அன்று சாப்பிடவில்லை. இரவில் கேட்டார்: "நீ அன்னிக்கு அங்க போய்க் கத்தினேல்ல?" கத்தினேன் என்றேன். இனியும் அப்படி நேர்ந்தால் கத்துவேன் என்பதையும் சொன்னேன். பொய் சொல்ல வரவில்லை. ஆனால் கார்கில் குடும்பங்கள் வந்து பேசியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டது சரியில்லை. அவர்கள் எங்கள் ஆட்கள் சாகட்டும் என்று சொல்லவில்லை, இன்னொரு வீட்டு வாசல் இருக்கிறது என்றுதான் சொன்னார்கள். நின்று கேட்டிருக்கலாம், அதன் பிறகு கத்தியிருக்கலாம். இதையும் அவரிடம் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை.

இதை எழுதி முடித்ததும் அவரிடம் படிக்கக் கொடுத்தேன். நூல் எட்டுச் சுற்று இல்லை, பதினொன்று என்றார். நான் மாற்றவில்லை, எனக்கு அப்படித்தான் நினைவிருக்கிறது. பழைய நோட்டை எடுத்து வரச் சொன்னார். முதல் பக்கத்தில் என் கையெழுத்தில் 24-12-1999. கடைசிப் பக்கங்களில் அவர் கையெழுத்து. 2019-இலிருந்து ஒவ்வொரு பிப்ரவரியிலும் ஒரு மாதப் பென்ஷனை, உயிரிழந்த வீரர்களின் குடும்பங்களுக்கான 'பாரத் கே வீர்' நிதிக்கு அனுப்பிவிட்டு, ரசீது எண்ணை நான் போட்டிருந்த அதே கட்டங்களுக்குள் எழுதி வருகிறார். 'கேட்டது' கட்டத்தை அவர் தொடுவதில்லை. அதன் பக்கத்தில், 'நேரில்' என்று நான் எழுதியிருந்த கட்டத்தில்தான் எல்லாம் இருக்கிறது.